மோதி நின்ற புல்வெட்டி: காபரேட்டருக்குச் செலவழிக்கும் முன்

ஓடிக்கொண்டிருந்த புல்வெட்டி கல்லிலோ வேரிலோ இரும்பிலோ மோதி நின்று, அதன்பிறகு எவ்வளவு இழுத்தாலும் இயங்க மறுக்கிறதென்றால், தயவுசெய்து உடனே யாரையும் காபரேட்டரை (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் பாகம்) கழற்ற விடாதீர்கள். பொறி விழவைக்கும் பிளக்கும் புதிதாக வாங்காதீர்கள். அன்று இதை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் 21,800 ரூபா என் கையில் இருந்திருக்கும். கிட்டத்தட்ட ஒரு மாத அலைச்சலும் இல்லாமல் போயிருக்கும். சொல்ல ஆள் இருக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கல்கிசையில். கணவருக்கு டோஹாவில் வேலை. வீட்டில் நானும் மாமியும் இரண்டு பிள்ளைகளும். பின்வளவில் பத்துப் பேர்ச் அளவுக்கு மலேசியன் புல். மே மாதம் மழை தொடங்கிவிட்டால் அது கணுக்காலைத் தாண்டி வளரும். புல் வளர்ந்தால் அதற்குள் விழும் சிரட்டையும் யோகட் கோப்பையும் கண்ணில் படாது, அதற்குள் தண்ணீர் தேங்கும், நுளம்பு முட்டையிடும். டெங்குக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள் வந்து பார்ப்பார். நுளம்பு பெருக இடம்விட்டால் வழக்குத் தொடர 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், சின்னவனுக்கு ஒருமுறை டெங்கு வந்து நான் பட்ட பாடு போதும். ஆகவே எங்கள் வீட்டில் புல் வெட்டுவது அழகுக்கான வேலை அல்ல. தோளில் மாட்டி வெட்டும் இயந்திரத்தோடு வருபவரை ஒவ்வொரு முறையும் தேடிப் பிடிப்பதை விட, சொந்தமாக ஒன்று இருக்கட்டும் என்று, நாடு திரும்பிய ஒரு வெளிநாட்டுக் குடும்பத்திடமிருந்து பெற்றோல் புல்வெட்டி ஒன்றை 65,000 ரூபாவுக்கு வாங்கியிருந்தோம். பிரிக்ஸ் அன்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின், புல்லை வெட்டும் அலகு (பிளேட்) 21 அங்குலம். ஒரு இழுவையில் இயங்கிவிடும். அதை நம்பித்தான் இருந்தேன்.

பின் மதிலைத் திருத்திக் கட்டிய மேசன்மார் போன பிறகு வளவு முழுவதையும் வாரி எடுத்திருந்தேன். ஆனால் அத்திவாரக் கொங்கிறீட்டோடு சேர்ந்து நிலத்தில் இறுகிப்போயிருந்த கம்பி முனை ஒன்று, புல்லுக்குள் ஓர் அங்குலம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. வாரி அதன்மேல் வழுக்கிப் போயிருக்க வேண்டும். அலகு அதில் பட்டதும் காது அடைக்கும் ஒரு சத்தம். எஞ்சின் அந்தக் கணமே நின்றது. கைப்பிடி வழியாக வந்த அதிர்வு முழங்கை வரை ஏறியது. நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன், கால்கள் நடுங்கின. இந்த எஞ்சின்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்று ஓடுபவை, அதாவது வினாடிக்கு ஐம்பது. 21 அங்குல அலகின் நுனி அந்த வேகத்தில் மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் பாய்கிறது. உடைந்த துண்டு ஒன்று பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு கணக்குப் பார்த்தபோது வயிறு கலங்கியது. வெட்டும்போது பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். காலில் சப்பாத்து இருக்கட்டும்.

இயந்திரத்தைக் கம்பியிலிருந்து விலக்கிவிட்டு, இயக்கும் கயிற்றை இழுத்தேன். பாதி தூரம் வந்ததும் கயிறு என் கையிலிருந்து பறித்துக்கொண்டு உள்ளே ஓடியது. சுட்டுவிரல் மூட்டில் தோல் உரிந்துவிட்டது. இன்னொரு முறை இழுத்தபோது காற்று வடிகட்டிப் பக்கமிருந்து வெடி போல ஒரு சத்தம் வந்து அடங்கியது. நோய் என்னவென்று இயந்திரம் அங்கேயே சொல்லிவிட்டது. அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் போய்ச் சேரத்தான் எனக்கு இத்தனை காலம் பிடித்தது.

முச்சக்கரவண்டியில் ஏற்றிப் பக்கத்து நகரத்திலுள்ள ஒரு திருத்துமிடத்துக்குக் கொண்டுபோனேன். இரும்பில் மோதி நின்றது, கயிறு கையைப் பறிக்கிறது என்று தெளிவாகவே சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே, "பெற்றோலில் ஊத்தை மிஸ்," என்றார். முதலில் பிளக், 1,800. பிறகு காபரேட்டர் சுத்தம் செய்ய 4,500. அப்போதும் இயங்கவில்லை. காபரேட்டரே பழுது, புதிதாகப் போட வேண்டும் என்று 9,500. கூலி 3,000. முச்சக்கரவண்டிக்குப் போக வர 3,000. எல்லாம் முடிந்த பிறகு, "எஞ்சின் முடிந்துவிட்டது மிஸ், 8,000 தருகிறேன், விட்டுவிட்டுப் போங்கள்," என்றார்.

வரும் வழியில் எனக்கு அழுகை வந்தது. பணம் போனது ஒரு பக்கம். நான் சொன்ன எதையும் அவர் காதில் வாங்கவே இல்லை என்பதுதான் அதிகம் வலித்தது. ஒரு பெண் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னால் அது பின்னணிச் சத்தம் மாதிரி போய்விடுகிறது. இரவு தொலைபேசியில் கணவர், விட்டுத் தொலை, வேறு வாங்கலாம் என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் அந்தப் பணம் அவர் ஐம்பது பாகை வெயிலில் நின்று உழைக்கும் பணம். மாமி மட்டும் அசையவில்லை. "விற்பதென்றால் ஓடுகிறபோது விற்போம். செத்த மாட்டுக்கு யார் விலை பேசுவார்கள்?" என்று சொல்லிவிட்டு இயந்திரத்தைப் பின் விறாந்தையில் வைத்து மூடினார். இதற்கிடையில் புல் முழங்காலை எட்டிவிட, தோள் இயந்திரக்காரருக்கு 5,000 கொடுத்து வெட்டுவித்தேன்.

இங்கே ஒரு விடயம். போகும்போது நிமிர்த்தி ஏற்றிய இயந்திரத்தை, திரும்பி வரும்போது இடமில்லை என்று சாரதி பக்கவாட்டில் சரித்துப் போட்டார். காற்று வடிகட்டி கீழ்ப்பக்கம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து திறந்தால் வடிகட்டி முழுவதும் ஒயில். புல்வெட்டியைச் சரிக்க வேண்டி வந்தால் காற்று வடிகட்டியும் காபரேட்டரும் உள்ள பக்கம் எப்போதும் மேலே இருக்க வேண்டும். தலைகீழாகச் சரித்தால் ஒயில் சிலிண்டருக்குள்ளும் போகும். அப்போது கயிறு இழுபடவே இழுபடாது, எஞ்சின் இறுகிவிட்டதென்று பயப்படுவோம். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுத்தால் ஒயில் பிளக் துளை வழியே வெளியேறிவிடும். கண்ணைத் துளைக்கு நேரே வைத்துக்கொள்ளாதீர்கள்.

அலகாவது வளைந்திருக்கும், அதையாவது மாற்றிப் பார்க்கலாம் என்று, அதைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டு ரயிலில் மருதானைக்குப் போய் இறங்கிப் பஞ்சிகாவத்தைக்கு நடந்தேன். கொழும்பில் உதிரிப்பாகம் என்றால் அங்கேதான். கார், லொறி, தண்ணீர்ப் பம்பு, ஜெனரேட்டர் என்று கடைக்குக் கடை ஒவ்வொன்று. புல்வெட்டிக்கு என்று கேட்டால் கைகாட்டி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் சின்ன எஞ்சின்களின் சாமான் விற்கும் ஒரு கடை. வயதான நானா ஒருவர் என் சாக்கைப் பிரித்து அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை சொல்லவில்லை. "எதில் அடித்தது?" என்றார். சொன்னேன். "அதற்குப் பிறகு கயிறு கையைப் பறித்து இழுத்ததா, தங்கச்சி?" என்றார்.

நான் உரிந்த விரலைக் காட்டினேன். அவர் உள்ளே போய்க் கழிவு எஞ்சின் ஒன்றிலிருந்து எடுத்த பிளைவீலை, அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரத்தை, கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதன் நடுத்துளையில் ஒரு சிறு பள்ளம். அந்தப் பள்ளத்தில் உட்காரும் ஓர் உலோகத் துண்டையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகத்தை விடச் சற்றே நீளம், அவ்வளவுதான். பெயர் பிளைவீல் கீ. விலை 350 ரூபா.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். தள்ளி வெட்டும் பெற்றோல் புல்வெட்டிகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் சுழற்றும் தண்டு, அதாவது கிராங்க் ஷாஃப்ட், ஒன்றே ஒன்றுதான் மேலிருந்து கீழே நிற்கிறது. அதன் அடிமுனையில் அலகு, மேல்முனையில் கனமான பிளைவீல். அலகு இரும்பில் பட்டு நின்றால் ஷாஃப்டும் நிற்கிறது. ஆனால் மேலே சுழன்றுகொண்டிருக்கும் பிளைவீல், பஸ் சடுதியாகப் பிரேக் போட்டால் நிற்கும் பயணிகள் முன்னால் சரிவது போல, தொடர்ந்து சுழலப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் நின்று அந்த விசையை வாங்குவது இந்தக் கீ. அது மென்மையான உலோகத்தில் செய்யப்படுவதே அதற்காகத்தான். கீ வெட்டுப்பட்டுவிடும், ஷாஃப்ட்டின் பள்ளமும் பிளைவீலின் துளையும் தப்பிக்க வழி உண்டாகும்.

கீ வெட்டுப்பட்டால் பிளைவீல் தன் இடத்திலிருந்து சற்றுத் திரும்பிவிடும். பிளைவீலில் ஒரு காந்தம் பதிந்திருக்கிறது, அது பக்கத்தில் உள்ள கம்பிச்சுருளை (கொயில்) கடக்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கில் பொறி விழுகிறது. பிஸ்டன் மேல் எல்லையை எட்டுவதற்குச் சற்று முன்பு அந்தப் பொறி விழ வேண்டும். பிளைவீல் திரும்பினால் பொறியின் நேரம் மாறிவிடும். அளவுக்கு முந்தி விழுந்தால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளும், எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும், கயிறு கையைப் பறிக்கும். வால்வு திறந்திருக்கும் நேரத்தில் விழுந்தால் காபரேட்டர் வழியாகவோ புகைக்குழாய் வழியாகவோ வெடிச்சத்தம் வரும்.

மெக்கானிக்குகளை ஏமாற்றும் இடம் இதுதான். பிளக்கைக் கழற்றிச் சோதித்தால் பொறி அழகாக விழும். பெற்றோல் வரும். கம்பிரஷனும் (சிலிண்டருக்குள் பிஸ்டன் கொடுக்கும் அழுத்தம்) இருக்கும். மூன்றும் இருந்தும் எஞ்சின் எழும்பாது. பொறி விழுகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள், எந்த நேரத்தில் விழுகிறது என்பதை அந்தச் சோதனை காட்டுவதில்லை. அதற்கு முந்திய கணம் வரை ஒழுங்காக ஓடிய காபரேட்டர், மோதிய அதே கணத்தில் அடைத்துக்கொள்ள வாய்ப்பு மிகக் குறைவு. திருத்துபவர் இதை யோசிக்காவிட்டால் நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள்: பிளைவீல் கீயைப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைத் தொடுங்கள் என்று. இந்தச் சொல்லைத் தெரிந்துவைத்திருந்தாலே எதிரே இருப்பவரின் முகம் மாறுகிறது, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் பிளைவீலைக் கழற்றும் முன்பு பார்க்க வேண்டியவை இருக்கின்றன என்றும் நானா சொன்னார். எல்லாவற்றுக்கும் முதல், பிளக்கின் வயரைப் பிடுங்கித் தூரத்தில் கட்டிவையுங்கள். இயங்காத எஞ்சின்தானே என்று அலகைக் கையால் சுற்றினால், ஒரு சுற்றில் பொறி விழுந்து விரலைக் கொண்டுபோகும். அடுத்து, கைப்பிடியில் பிடித்து வைத்திருக்கும் அந்தக் கம்பி நெம்பு. அதை விட்டால் பிளைவீலில் பிரேக் பிடித்து, பொறியும் நின்றுவிடும். மோதலில் அதன் கேபிள் கழன்றிருந்தாலோ தளர்ந்திருந்தாலோ பிரேக் விடுபடாது. அது கண்ணாலேயே தெரிந்துவிடும், காசில்லாத வேலை. பிறகு அலகின் போல்ட். இந்தச் சின்ன எஞ்சின்கள் பல, அலகின் எடையையும் பிளைவீலோடு சேர்த்து நம்பித்தான் சுழல்கின்றன. அலகு தளர்ந்திருந்தாலும் கயிறு இதே மாதிரிக் கையைப் பறிக்கும். அலகைப் பிடிக்கும் அடாப்டரில் தனியாக ஒரு சிறு கீ உள்ள இயந்திரங்களும் உண்டு, அது வெட்டுப்பட்டிருந்தாலும் அதே கதை. அலகை இறுக்கிப் பார்க்காமல் கீயைக் குற்றம் சொல்லக்கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது கிராங்க் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்பது. வளைந்திருந்தால் வேறெதற்கும் ஒரு சதம் செலவழிக்க வேண்டாம் என்று நானா கையை உயர்த்திச் சொன்னார். வீட்டில் மாமியும் நானுமாகப் பார்த்தோம். பழைய அலகைத் திரும்ப மாட்டி, பிளக்கைக் கழற்றி, பிரேக் நெம்பைக் கைப்பிடியோடு கட்டி, இயந்திரத்தை முறையாகச் சரித்தோம். மாமி கயிற்றை மெதுவாக இழுக்க, நான் தள்ளி நின்று அலகு போல்ட்டின் நடுவையே பார்த்தேன். ஷாஃப்ட் நேராக இருந்தால் போல்ட்டின் மையம் ஒரே புள்ளியில் நின்று சுழலும், வளைந்திருந்தால் அது சிறு வட்டம் போடும். எங்களுடையது அசையவில்லை. நின்றுகொண்டிருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. அலகின் ஒரு நுனி, அதை மூடியிருக்கும் தகட்டின் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, பாதிச் சுற்றுத் திருப்பி, மறு நுனியை அதே இடத்தில் அளந்தேன். மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தது. அது அலகு வளைந்ததன் அடையாளம். புது அலகு போட்டபின் வித்தியாசம் போய்விட்டது. போகாவிட்டால் குற்றம் ஷாஃப்டில். வளைந்த அலகைத் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று சொல்வார்கள், புதிதே வாங்குங்கள், நான் 6,500 கொடுத்து வாங்கினேன். நிமிர்த்திய இரும்பு அந்த வேகத்தில் எங்கே எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிளைவீலை நான் கழற்றவில்லை, தெஹிவளையில் லேத் வைத்திருக்கும் ஒரு பாஸை வீட்டுக்கே கூப்பிட்டேன். கூலி 2,500. மேல் உறையைக் கழற்றினார். பிளைவீலைப் பட்டியால் பிடித்து நட்டைத் தளர்த்தினார். காற்றிறக்கைகளுக்குள் திருப்புளியைச் செருகிப் பிடிக்கவில்லை, அப்படிப் பிடித்தால் இறக்கை உடைந்துவிடும் என்றார். நட் வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டு விளக்கைப் பிடிக்கச் சொன்னார். ஷாஃப்டின் பள்ளமும் பிளைவீலின் பள்ளமும் ஒரே நேர்கோட்டில் இருந்திருக்க வேண்டும். ஒன்றின் விளிம்பு மற்றதிலிருந்து ஒரு நெல்மணி அகலத்துக்கு விலகி நின்றது. அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விலகலுக்காகவா இத்தனை அலைச்சல் என்று எனக்குத் தொண்டை அடைத்தது. புல்லர் என்ற இழுத்துக் கழற்றும் கருவியை மாட்டிப் பிளைவீலைத் தூக்கியபின், அடியில் கீ கிடந்தது. முழுதாகத் துண்டாகவில்லை. பக்கவாட்டில் பார்த்தால் படிக்கட்டு வைத்தது போல மேல்பாதி நகர்ந்து, வெட்டுப்பட்ட இடம் மட்டும் பளிச்சென்று மின்னியது. கீ இரண்டாக உடைந்திருந்தால்தான் பழுது என்று நினைத்துவிடாதீர்கள், சிறிது நகர்ந்தாலே போதும்.

பாஸோடு வந்த பையன், இரும்பில் ஒன்று அராவித் தருகிறேன், ஆயுளுக்கும் உடையாது என்றான். அதைத்தான் செய்யக்கூடாது. நானாவும் பாஸும் ஒரே குரலில் சொன்ன விடயம் இது. கடினமான இரும்புக் கீ போட்டால், அடுத்த மோதலில் கீ தப்பும், ஷாஃப்டின் பள்ளமோ பிளைவீலின் நடுவோ பிளந்துவிடும். உங்கள் எஞ்சினுக்கென்று விற்கப்படும் கீயையே போடுங்கள், எஞ்சின் மேல் பொறித்திருக்கும் மாடல் இலக்கத்தைப் படம்பிடித்துக்கொண்டு போனால் கடையில் குழப்பம் வராது. சில தோள் இயந்திரங்களிலும் சங்கிலி வாள்களிலும் கீ தனியாக இருக்காது, பிளைவீலோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். அவற்றில் பிளைவீலையே மாற்ற வேண்டும்.

ஷாஃப்டின் கூம்புப் பகுதியையும் பிளைவீலின் துளையையும் பெற்றோல் நனைத்த துணியால் துடைத்து உலர்த்திவிட்டுத்தான் பொருத்தினார். ஒயிலோ கிரீஸோ பூசக்கூடாதாம். பிளைவீலை இறுகப் பிடித்து நிறுத்துவது அந்தக் கூம்புகளின் பிடிதான், மோதல் நேராத வரை கீ இடத்தைக் காட்டுவதற்கு மட்டும். நட் தளர்ந்திருந்தால் சின்ன அடிக்கும் கீ வெட்டுப்படும். ஆகவே நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். கொயிலைத் தளர்த்தியிருந்தால் அதற்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை வைத்து, இறுக்கியபின் உருவி எடுக்க வேண்டும். பெரும்பாலான சின்ன எஞ்சின்களுக்கு அந்த இடைவெளி 0.25 முதல் 0.35 மில்லிமீற்றர் வரை.

ஒயில் ஊறிய வடிகட்டியை மாற்றி, ஒயில் மட்டத்தைப் பார்த்து, நான்தான் இழுத்தேன். விரல் கூசியது. கயிறு பறிக்கவில்லை. இரண்டாவது இழுவையில் எழும்பியது, வெள்ளைப் புகை விறாந்தையை நிறைத்தது. சிலிண்டருக்குள் போன ஒயில் எரிந்து முடியும் வரை அது வரும், பயப்பட வேண்டாம். மாமி கைதட்டினார். நான் புல்லில் இறக்காமல் சில நிமிடம் ஓடவிட்டுக் கைப்பிடியில் அதிர்வு கூடியிருக்கிறதா என்று பார்த்தேன், பிறகு நிறுத்தி, வயரைப் பிடுங்கி, எஞ்சினைத் தகட்டோடு பிடிக்கும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கினேன். அடி வாங்கிய பிறகு அவையும் தளர்ந்திருக்கும், தகட்டில் வெடிப்பும் இருக்கலாம். புதுக் கீ, பாஸின் கூலி, அலகு எல்லாம் சேர்த்து 9,350 ரூபா. அலகு எப்படியும் மாற்ற வேண்டியது. அதைக் கழித்தால் பழுது தீர்ந்த செலவு 2,850.

கொஞ்ச நாளில் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் இயந்திரத்தைப் பார்க்கக் கூப்பிட்டார். பலா வேரில் மோதி நின்றதாம். மெக்கானிக் காபரேட்டர் வாங்கச் சொல்லியிருக்கிறாராம். பிளக்கைக் கழற்றி, சரித்து, அவரைக் கயிற்றை மெதுவாக இழுக்கச் சொல்லிவிட்டு போல்ட்டின் நடுவைப் பார்த்தேன். அது வட்டம் போட்டது, நன்றாகவே. "சேர், இதற்குக் காபரேட்டரும் வேண்டாம், கீயும் வேண்டாம். ஷாஃப்ட் வளைந்துவிட்டது," என்றேன். அவருக்குக் கவலைதான். ஆனால் எடுத்துவைத்திருந்த பணத்தை அப்படியே திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, புதியது என்ன விலை என்று கேட்கத் தொடங்கினார்.